காசு தந்தவன் கதைக்கு உடையவனா?

பணம் உள்ளவன் படம் எடுக்கிறான். பணம் இல்லாதவன் காசு கொடுத்துப் படம் பார்க்கிறான். எடுப்போர் சிலர், பார்ப்போர் கோடிப்பேர். அந்தச் சிலர் எதைக் காட்ட விரும்புகின்றனரோ, அதனையே இந்தக் கோடிப்பேர் கண்டாக வேண்டும் என்பது நெடுநாளைய ஏற்பாடு. குலப்பெருமையைக் காட்டினால் குலப்பெருமை! கோயில் அற்புதத்தைக் காட்டினால் கோயில் அற்புதம்! பெண்ணை அடித்துத் திருத்துவதே ஆண்மை என்று காட்டினால் அதற்கும் கைதட்டல்!

இந்த ஏற்பாட்டை மாற்ற எண்ணும் இளைஞன் ஒருவன், தன் தெருவின் கதையைத் தானே படமாக்குவேன் என்று புறப்படுகிறான். பட முதலாளியிடம் செல்கிறான். “போட்ட முதல் திரும்புமா?” என்கிறார் அவர். கதவு அடைபடுகிறது. எஞ்சியிருப்பது ஒரே வழி. பொதுமக்களிடம் கேட்பது, பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டுவது. அந்த வழியில் கால் வைத்தவுடனே இரண்டு குரல்கள் எழுகின்றன. “பிச்சை எடுத்தா படம் எடுப்பது?” என்பது ஒன்று. “நான் பணம் தந்திருக்கிறேன், நான் சொல்கிறபடி கதையை மாற்று” என்பது மற்றொன்று. முன்னது அவன் தன்மானத்தைக் குத்துகிறது. பின்னது அவன் சொல்ல வந்த உண்மையைப் பறிக்கப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் பகுத்தறிவின் துணைகொண்டு விடை காண வேண்டும் என்பதே நம் நோக்கம்.

இக்கேள்வியை அந்தரத்தில் நிறுத்தி ஆராய வேண்டுவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் நிலக்கடலையும் விளையும் பூமி. விடியுமுன் பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு வயலுக்குப் போகும் மக்கள். வட ஆர்க்காடு, செஞ்சி வட்டாரங்களின் மற்ற ஊர்களைப் போலவே, தெருக்கூத்து வேர்விட்ட மண். அங்கே பாரதக் கூத்து எப்படி நடக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போம். ஊரார் கூடுகின்றனர். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகின்றனர். கூத்துக் குழுவுக்கு முன்பணம் தருகின்றனர். இரவெல்லாம் ஆட்டம். நடுவே ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் இத்தனை ரூபாய் அன்பளிப்புத் தந்தார் என்று கட்டியக்காரன் பெயர் கூவி வாழ்த்துகிறான்.

பாரதக் கதையில் நமக்கு உடன்பாடு இல்லை என்பதைத் தோழர்கள் அறிவர். ஆயினும் அந்தக் களத்தில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நூறு ரூபாய் அன்பளிப்புத் தந்தவருக்குத் துரியோதனன்மீது பற்று என்பதற்காக, படுகளத்தில் வீழ்ந்த துரியோதனன் எழுந்து நடந்துவிடுவதில்லை! தந்தவருக்குப் பெயர் உண்டு, வாழ்த்து உண்டு, முன்வரிசையில் பாய்கூட உண்டு. கதையின் முடிவு மட்டும் அவர் கையில் இல்லை. எழுத்தறியாத ஊர் என்று பட்டணத்தார் ஏளனம் செய்யும் இடத்தில், கொடையும் கலையும் எங்கே பிரிய வேண்டும் என்ற எல்லைக்கோடு இத்தனை தெளிவாக விழுந்திருக்கிறது.

ஆனால், அதே ஊர்வரியில் இரண்டு குற்றங்களும் உள்ளன. அவற்றை மூடி மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நமது வழக்கம் அன்று.

முதற் குற்றம், கட்டாயம். வரி தராதவனை ஊர் ஒதுக்கும் என்ற அச்சம் அந்தக் காசில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சத்தால் தந்த காசு நன்கொடை ஆகாது. இரண்டாவது அதனினும் கொடியது. ஊர்த்தெருவில் வரி கேட்பார்கள், சேரியில் கேட்கமாட்டார்கள். “உன் காசு வேண்டா” என்பார்கள். ஏன்? காசு வாங்கினால் உரிமை தர வேண்டும். வரி தந்தவன் திருவிழாவில் பங்கு கேட்பான். தேர் தன் தெருவுக்கும் வர வேண்டும் என்பான். ஆகவே அவன் கையை நீட்டுமுன்பே தட்டிவிடுகின்றனர்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது தென்முடியனூர். அவ்வூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள், பல்லாண்டுத் தடையைக் கடந்து நுழைந்தது 2023 சனவரி 30 அன்று. மாவட்ட ஆட்சியரும் காவலர் படையும் உடன்வந்த பிறகே அது முடிந்தது. உள்ளே சென்றால் என்ன வரம் கிடைக்கும் என்பது வேறு வழக்கு. கல்லுக்கு முன் நிற்பதால் வயிறு நிரம்பாது என்பதை நாம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் பொது இடத்தின் வாசலில் ஒரு மனிதனை நிறுத்தி “நீ வராதே” என்பது மனிதத்தன்மைக்கே இழிவு. அந்த இழிவு வாசலில் தொடங்குவதில்லை, வரிப்புத்தகத்தில் தொடங்குகிறது. யாரிடம் கேட்கிறோமோ அவரை நம்மோடு சேர்த்து எண்ணுகிறோம். யாரிடம் கேட்க மறுக்கிறோமோ அவரை நம் கணக்கிலிருந்தே நீக்குகிறோம். கொடுப்பதும் ஓர் உரிமை; அதை மறுப்பதும் தீண்டாமையே!

ஆகவே, மக்கள் காசில் படம் எடுக்கப் புறப்படும் இளைஞனுக்கு முதல் நெறி இதுதான்: யாரையும் கட்டாயப்படுத்தாதே, எந்தத் தெருவையும் விட்டுவிடாதே.

இனிப் “பிச்சை” என்ற பழிச்சொல்லுக்கு வருவோம். பிச்சை என்பது என்ன? தன் வயிற்றுக்காக, பிறர் இரக்கத்தை நம்பி, கணக்கு எதுவும் தராமல் கேட்பது. புண்ணியம் கிடைக்கும் என்று ஆசை காட்டித் தட்சிணை பெறுகிறானே, அவனை யாரும் பிச்சைக்காரன் என்று சொல்வதில்லை. காலில் விழுந்து தருகின்றனர்! பொதுச் செயலுக்காக, என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி, செய்தபின் கணக்குக் காட்டி நிதி திரட்டுவோனை மட்டும் பிச்சைக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்?

நம் இயக்கத்தின் வரலாறே இதற்கு விடை. கையெழுத்துக் கேட்டு வந்தோரிடமும், உடன்நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தோரிடமும் சிறு தொகை பெற்றுக்கொண்டுதான் இசைந்தார் பெரியார். கஞ்சன் என்று நகைத்தனர் சிலர். அந்தக் காசு இயக்க நிதியாயிற்று. அண்ணா நாடகம் எழுதினார். தாமே வேடமிட்டு நடித்தார். நாடக அரங்கின் வசூல் இயக்கப் பணிக்குப் பயன்பட்டது. 1953-இல் கைத்தறி நெசவாளர் துயர் துடைக்க, அண்ணாவும் தோழர்களும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். எவருடைய தன்மானம் அதனால் குறைந்தது? ஒருவர் காலில் விழுந்து ஆயிரம் பெறுவதில்தான் இழிவு உண்டு. ஆயிரம் பேர் முன் நிமிர்ந்து நின்று ஆளுக்கு ஒன்று கேட்பதில் இழிவு இல்லை.

“அன்றாடக் கூலிக்காரனிடமா படத்துக்குக் காசு கேட்பது? பசிக்குச் சோறு கேட்கும் நாட்டில் படம் ஒரு கேடா?” என்று நல்ல மனத்தோடு கேட்போரும் உண்டு. இதைப் புறந்தள்ள நாம் விரும்பவில்லை. ஆனால், அந்தக் கூலிக்காரன் இன்றைக்குக் கலைக்காகக் காசே தருவதில்லையா? திருவிழா வரி தருகிறான். நடிகர் படத்துக்கு முதல்நாள் முதற்காட்சிச் சீட்டு வாங்குகிறான். அட்டை உருவத்துக்குப் பாலும் ஊற்றுகிறான். பிறர் கதைக்கெல்லாம் பணம் தந்தவனிடம், அவனுடைய சொந்தக் கதைக்கு ஒரு ரூபாய் தருகிறாயா என்று யாரும் கேட்டதே இல்லை. கேளுங்கள், தர இயலாது என்றால் வணங்கி விடைபெறுங்கள். படம் முடிந்ததும் அவனுக்கும் இலவசமாகக் காட்டுங்கள். தந்தவனுக்கு மட்டும்தான் இடம் என்றால், அதுவும் ஒரு கோயில் வாசல் ஆகிவிடும்.

இவை வெறுங்கனவு அல்ல, நடந்த வரலாறு. ‘அக்ரகாரத்தில் கழுதை’ என்ற தமிழ்ப் படத்தை 1977-இல் எடுத்தவர் சான் ஆபிரகாம். பார்ப்பனத் தெருவில் ஒரு கழுதை வந்து சேர்ந்தால் சாத்திரமும் மூடநம்பிக்கையும் எப்படி ஆடிப்போகும் என்பதைக் காட்டிய படம் அது. சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. பின்னாளில் தொலைக்காட்சியில் காட்டப்படும் என்று அறிவித்த தூர்தர்சன், எதிர்ப்புக்கு அஞ்சிப் பின்வாங்கியது. விருது தந்த அரசின் நிறுவனமே திரையிட நடுங்கிற்று!

அந்த ஆபிரகாம் 1984-இல் கேரளத்தில் தோழர்களோடு ‘ஒடேசா’ என்ற திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார். முதலாளி வேண்டா என்று முடிவு செய்தனர். ஊர் ஊராகச் சென்றனர். பறை கொட்டிக் கூட்டம் கூட்டினர்; தெருநாடகம் ஆடினர்; சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரைகட்டிக் காட்டினர்; முடிவில் துண்டை நீட்டினர். மக்கள் இயன்றதைத் தந்தனர். அந்தக் காசில் பிறந்தது 1986-இல் வெளிவந்த ‘அம்மா அறியான்’. இறந்துபோன இளைஞன் ஒருவனின் தாயிடம் செய்தி சொல்லச் செல்லும் ஒருவனோடு, வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே வரும் கதை அது. படத்துக்கு நிதி சேர்ந்த விதமும் அதேதான்! அடுத்த ஆண்டே, 1987-இல், ஆபிரகாம் மறைந்தார். அவரிடம் சொத்து இல்லை. அந்தப் படம் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1957-இல் நியூயார்க் வானொலி நிகழ்ச்சியொன்றில் பேசிய சான் கசவெட்டிசு என்ற நடிகர், எளிய மனிதரைப் பற்றிய படம் வேண்டுமானால் எளிய மனிதரே பணம் அனுப்பட்டும் என்றார். நேயர்கள் அனுப்பினர், ஏறத்தாழ 2,000 டாலர் சேர்ந்தது. அந்த வித்திலிருந்து எழுந்த ‘ஷாடோசு’, தோல் நிறத்தால் மனிதரைப் பிரிக்கும் கொடுமையைக் காட்டிற்று. சாதியைத் தொடும் படத்துக்கு இங்கே முதலாளி தயங்குவதுபோல், நிறவெறியைத் தொடும் படத்துக்கு அங்கேயும் கேட்கவேண்டிய இடம் பொதுமக்களாகவே இருந்தது.

இனி, எண்ணிக்கையைக் கண்டு மட்டும் மயங்கலாகாது என்பதற்கும் ஒரு சான்று காட்டுவோம். 1976-இல் சியாம் பெனகல் ‘மந்தன்’ என்ற இந்திப் படத்தை எடுத்தார். குசராத்தின் கூட்டுறவுப் பால் சங்கங்களைச் சேர்ந்த 5 இலட்சம் உழவர்கள் ஆளுக்கு 2 ரூபாய் தந்தனர். 10 இலட்சம் ரூபாய் சேர்ந்தது. தம் படத்தைக் காண அவர்கள் வண்டி வண்டியாக வந்தனர். 2024-இல் அது புதுப்பிக்கப்பட்டுக் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. கீழ்பென்னாத்தூரில் விடியற்காலையில் சங்கத்துக்குப் பால் ஊற்றும் நம் உழவருக்கு இது பெருமையூட்டும் செய்தி.

ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 5 இலட்சம் கைகள் தந்தன. ஆனால் அந்தக் கைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டியது ஒரே நிறுவனம். கதையை உருவாக்குவதில் பெனகலோடு பங்குகொண்டவர் அந்தக் கூட்டுறவின் தலைவர் வர்கீசு குரியன். கூட்டுறவைப் போற்றும் படம் அது. எனினும், சங்கத் தேர்தலில் ஒடுக்கப்பட்டோர் தலையெடுத்தால் ஊர்ப் பெரியதனம் எப்படிக் கொதிக்கும் என்பதையும் ஒளிக்காமல் காட்டியது. அது அங்கு இருந்த மனிதர்களின் பெருந்தன்மை. வேறொரு தலைவர், வேறொரு சங்கம், “சாதிச் சண்டையை வெட்டிவிடு, சங்கத்துக்குக் கெட்ட பெயர்” என்று சொல்லியிருந்தால்? ஒருவருடைய பெருந்தன்மையை நம்பி வாழும் விடுதலை விடுதலை ஆகாது. தந்த கைகள் எத்தனை என்பது பாதிக் கேள்விதான். அந்தக் கைகள் யார் பிடியில் உள்ளன என்பது மறுபாதி.

இப்பொழுது நம் ஊருக்கே திரும்புவோம். கீழ்பென்னாத்தூரில் பத்து இளைஞர்கள் ஒரு குறும்படம் எடுக்க எண்ணுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சாதி கடந்து மணந்த இருவரை உற்றாரே கொன்ற கதை. வேண்டுவது ஓர் இலட்சம் ரூபாய். ஊர்ப் பெருந்தனக்காரர் ஒருவர் முன்வருகிறார். “முழுத் தொகையும் நானே தருகிறேன், ஒரு சிறு திருத்தம் மட்டும் செய்யுங்கள். கொலை வேண்டா, பெண்ணைக் கிணற்றில் தவறி விழுந்ததாகக் காட்டிவிடுங்கள்!” என்கிறார். சிறு திருத்தமாம்! கொலையை விபத்தாக மாற்றுவது கொலைகாரனுக்குத் துணைபோவது. அந்தப் பணத்தை மறுக்கும் துணிவு வேண்டுமானால், அதனை நம்பி வாழாத நிலை வேண்டும். ஆயிரம் பேரிடம் நூறு நூறு ரூபாய் பெற்றிருந்தால், ஒருவர் சினந்து திரும்பப் பெற்றாலும் நூறுதான் குறையும், படம் நிற்காது. பலரிடம் சிறுகச் சிறுகப் பெறுவது அச்சமின்றிப் பேசுவதற்காகவும்தான்.

சரி, அந்த ஆயிரம் பேரில் ஐந்நூறு பேர் கூடிவந்து, அதே திருத்தத்தைக் கேட்டால்? இதுவே கடினமான கேள்வி. பெரும்பான்மைக்கு அடங்குவதுதானே மக்களாட்சி என்பார்கள். ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பான்மை போதும். உண்மையைத் தேர்ந்தெடுக்கப் போதாது. உலகம் உருண்டை என்பதற்கு வாக்கெடுப்பு நடத்தினோமா? ஒருவன் சொன்ன பொய்யை ஐந்நூறு பேர் சேர்ந்து சொன்னாலும் அது பொய்யே. பணக்காரனுக்கு மறுத்த பேனாவைக் கூட்டத்துக்குத் தருவது, ஓர் எசமானனை நீக்கி ஐந்நூறு எசமானரை அமர்த்துவது ஆகும்.

அப்படியானால் தந்தவனுக்கு உரிமையே இல்லையா? உண்டு, ஒன்றல்ல, மூன்று.

கதையை முன்னரே அறியும் உரிமை முதலாவது. “காதல் படம்” என்று காசு வாங்கிவிட்டுச் சாதிக் கொலையைக் காட்டுவது ஏமாற்று. நம் கொள்கை உயர்ந்தது என்பதற்காக ஏமாற்றலாம் என்ற விதி பகுத்தறிவாளனுக்கு இல்லை. அது புராணிகனின் வழி. கதையைச் சொல், பிறகு கையை நீட்டு. “சொன்னால் தரமாட்டார்களே!” என்று அஞ்சுவோர்க்கு நாம் சொல்வது: தருவோர் தருமளவுக்குப் படத்தைச் சுருக்கு. கைப்பேசியிலேயே படம் பிடிக்கும் காலம் இது. சில படங்கள் எடுக்கப்படாமலே போகலாம். அந்த இழப்பு பெரிதுதான். ஆனால் பொய்யால் பிறந்த உண்மைப் படம் ஒன்றைக் காட்டி யாரையும் திருத்த முடியாது.

இரண்டாவது, கணக்கைக் காணும் உரிமை. வந்தது இவ்வளவு, ஒளிப்பதிவுக் கருவி வாடகை இவ்வளவு, சாப்பாட்டுச் செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று ஊர்ச் சுவரில் ஒட்ட வேண்டும். உண்டியலில் போடுவோன் பலனைக் கடவுளிடம் எதிர்பார்க்கிறான். ஆகவே மனிதனைக் கேள்வி கேட்பதில்லை. நமக்குத் தருவோனை அந்த மயக்கத்தில் வைத்திருத்தல் கூடாது. கேள்வி கேட்கப் பழக்க வேண்டும். இலாபம் வந்தால் பங்கு என்று சொல்லி வாங்கினால் பங்கைத் தந்தாக வேண்டும். கன்னடத்தில் பவன்குமார் எடுத்து 2013-இல் வெளிவந்த ‘லூசியா’வுக்கு, நூற்றுக்கு மேற்பட்டோர் இணையத்தின் வழியே ஏறத்தாழ 50 இலட்சம் ரூபாய் முதலீடாகத் தந்தனர். நன்கொடை வேறு, முதலீடு வேறு. எதைக் கேட்கிறோம் என்பது முதல் சொல்லிலேயே விளங்க வேண்டும்.

மூன்றாவது, கண்டிக்கும் உரிமை. படம் முடிந்ததும், தந்தவனும் தராதவனும் எழுந்து நின்று, “இது தவறு, இது பொய், இது சலிப்பு” என்று சொல்லலாம். எடுத்தவன் நின்று விடை சொல்ல வேண்டும். படம் முடியுமுன் கட்டளையிட மட்டும் யாருக்கும் இடமில்லை.

நிதி திரட்டுவதோடு கடமை முடியவில்லை. எடுத்த படம் பெட்டியில் தூங்கினால் தந்தவன் காசும் தூங்குகிறது. கொட்டகை கிடைக்காது, விளம்பரத்துக்குப் பணம் இராது. மனிதரையே மலக்குழியில் இறக்கும் கொடுமையைக் காட்டிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைத் திவ்யபாரதி 2017-இல் வெளியிட்டபோது, திரையிடலையே காவல்துறை தடுத்த ஊர்கள் உண்டு. பின்னர் அது இணையத்தில் எல்லோரும் காண வைக்கப்பட்டது. இத்தகைய படங்களுக்குத் துணை யார்? மற்றொரு சிறு படம்தான்! ஒடேசாத் தோழர்கள் சாப்ளினைக் காட்டித் தம் படத்துக்கு ஆள் சேர்த்தனர். பிறந்த படம் பிறவாத படத்தைத் தோளில் சுமந்தது. அந்த வழியை நாமும் கைக்கொள்ளலாம். கீழ்பென்னாத்தூர்த் தோழர் படம் காட்டும் இரவில், செஞ்சித் தோழரின் படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். செஞ்சியில் கீழ்பென்னாத்தூர்ப் படத்தின் சுவரொட்டி ஒட்டப்படட்டும். வாசலில் நூல் விற்பனை நடக்கட்டும். நூல் வாங்க வந்தவர் படம் காணட்டும். படம் காண வந்தவர் நூல் வாங்கட்டும்.

“அவன் படம் ஓடினால் என் படத்துக்கு ஆள் குறையுமே” என்ற எண்ணம் கடைக்காரனுடையது. நல்ல படம் ஒன்றைக் கண்டவன் அடுத்ததைத் தேடுவான். சிறு படங்களுக்குப் போட்டி மற்றொரு சிறு படம் அன்று, மக்களின் பழக்கமே. ஆயினும் இங்கும் ஒரு நெறி வேண்டும். பார்க்காத படத்தைப் புகழாதே. பார்த்த படத்தின் குறையை மறைத்துப் புகழாதே. நீ என்னைப் புகழ், நான் உன்னைப் புகழ்வேன் என்ற உடன்படிக்கை, மக்களின் நம்பிக்கையைத் திருடும் கூட்டுவாணிகம். “இப்படத்தில் இன்ன குறை உண்டு, எனினும் காண வேண்டும்” என்று சொல்பவனின் சொல்லுக்கே அடுத்த முறை ஊர் கூடும்.

தோழர்களே! கேட்பதற்கு நாணாதீர்கள், மறைப்பதற்கு நாணுங்கள். ஊர்த்தெருவில் கேட்ட அதே குரலில் சேரியிலும் கேளுங்கள். கணக்கைத் தந்தவனிடம் ஒப்படையுங்கள். பெயரை மேடையில் கூவுங்கள். கண்டனத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். பேனாவை மட்டும் எவரிடமும் அடகு வைக்காதீர்கள். ஒரு ரூபாய் தந்த உழைப்பாளி, பொய் சொல்வதற்காக அதைத் தரவில்லை. தன் வாழ்க்கையை யாரேனும் ஒருவன் உள்ளபடி சொல்லமாட்டானா என்ற ஏக்கத்தில் தந்தான். அந்த ஏக்கத்துக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம்.